ஐந்து வோல்ட்

பதினைந்து யூரோ. "ஓடாது" என்று
முதலே சொல்லித்தான் தந்தாள்
மூன்றாம் மாடி கார்மென் டீட்கே.
நிலவறையைக் காலி செய்கிறாளாம்.
பாண் நிறத்தில், பாண் அளவில், முதுகு உப்பிய
பழைய கொமடோர்.
புரட்டினால் அடியில் ஒட்டிய தாள்:
மேற்கு ஜெர்மனியில் செய்தது.
இப்போது இல்லாத நாடு.
அந்த வரியில் என் விரல்
தேவையில்லாமல் கொஞ்சம் நின்றது.

இரவு வேலை முடிந்து வந்தால்
பிரவுன்ஷ்வைக் முழுக்க மழை.
நித்திரை வரவில்லை.
சமையல் மேசையில் வைத்து வயரைச் செருகினேன்.
சிவப்பு விளக்கு எரிகிறது. திரை கறுப்பு.
அணைந்த கறுப்பு அல்ல அது,
விழித்திருந்தும் கதைக்காத கறுப்பு.
டயாலிசிஸ் வார்டில் எனக்கு அது பழக்கம்.

மூன்று திருகாணி. மூடி எழுந்தது.
உள்ளே தூசி, காய்ந்த சிலந்தி,
செல்லாத ஐந்து பெனிக் ஒன்று.
மின்பெட்டியை மீட்டரால் தொட்டேன்: ஐந்து வோல்ட்.
சரியாக ஐந்து.
எழுதி வைத்தேன். அதுதான் பிழை,
அன்றைக்குத் தெரியாது.

பிறகு காய்ச்சல் பார்ப்பதுபோல்
ஒவ்வொரு சில்லாய் விரல் வைத்தேன்.
இளஞ்சூடு. இளஞ்சூடு. குளிர். இது
சுட்டது.
விரலைக் குழாயில் பிடித்தபடி சிரித்தேன்.
நோயாளிகள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

சால்ஸ்கிட்டரிலிருந்து ஒருவர் சோதனை அட்டை அனுப்பினார்.
செருகினால் திரை மின்னும்;
எத்தனை மின்னல் என்று எண்ண வேண்டும்.
ஏழு.
மீண்டும் ஏழு.
மூன்றாம் முறை தபால்காரன் மணியடித்து
எண்ணிக்கை குழம்பிப் போனது.
ஏழு மின்னினால் ஒன்பதாம் எண் சில்லாம்;
யார் வைத்த கணக்கோ.
சுட்டதும் அதேதான்.
அதன் முதுகில் புதியதை உப்புமூட்டை ஏற்றி
அழுத்திப் பிடித்தேன்.
திரை ஒரு கணம் நீலம்.
கை நடுங்கியது, கறுப்பு.

ஈயம் உறிஞ்சி, கால் கால் ஆகக் கழற்றி,
புதியதை ஊன்றி முடிக்க ஞாயிறு போனது.
நீலம் வந்தது. நின்றது.
தேநீர் வைக்கப் போய்த் திரும்பினால்
எழுத்துகள் சிதறிக் கிடந்தன.
மீட்டரை எடுத்தேன், ஏனோ.
ஐந்தரை. பார்க்கப் பார்க்க ஐந்தே முக்கால்.
ஆறு தொடுமுன் வயரைப் பிடுங்கினேன்.

குளிரில் ஐந்து, சூடேறினால் ஆறு.
அளந்தது குளிரில்.
பட்டினி போட்டுக் கொல்லவில்லை
அந்தக் கறுப்புக் கட்டி.
ஊட்டி ஊட்டித்தான்.
ஆறாம் கட்டில் கியூனாஸ்டின் மனைவி
கைப்பையில் ஒளித்து வாழைப்பழம் கொண்டுவருவாள்,
வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும்.
"பாவம், அவருக்குப் பிடிக்கும்."
பொட்டாசியம் ஏறிய இரவுகளில்
நான்தான் அவர் நாடியைப் பிடித்திருப்பேன்.
திறக்க முடியாமல் பிசின் ஊற்றி மூடிய கட்டி அது.
உள்ளே எது கெட்டதென்று பார்க்க வழியில்லை.
இப்போது பால்கனிக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.
நல்ல கனம்.

புது மின்பெட்டி வந்தது புதன்கிழமை.
ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் அளந்தேன்.
ஐந்து. ஐந்து. ஐந்து.
நீலத்தில் நீலமாய்
முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொரு பைட் காலி.
தயார் என்கிறது.
கீழே சின்னக் கட்டம் துடிக்கிறது.

எதற்குத் தயார்?
ஒரு கட்டளையும் எனக்குத் தெரியாது.
என் பெயரை அடித்தேன், தவரஞ்சினி,
அவர்கள் எழுத்தில் பன்னிரண்டு விசை.
அழுத்தினேன்.

இலக்கணப் பிழை என்றது.

இந்த ஊரில் நான் வாய் திறந்த முதல் நாள்
பேக்கரிக்காரியும் முகத்தால் அதையேதான் சொன்னாள்.
நான் திருத்தவில்லை.
மீண்டும் அடித்தேன்.
மீண்டும் பிழை.
மீண்டும்.
திரை நிரம்பி, மேலே இருந்த முதல் பெயர்
விளிம்புக்கு அப்பால் ஏறிப் போனது.
ஒன்பதாம் சில்லைத் தொட்டுப் பார்த்தேன்.
இளஞ்சூடு.
ஐந்தே முக்காலுக்கு டிராம்.